சாயம் அவங்களுக்கு, உப்பு மட்டும் நமக்கா?



நம் தோட்டத்தில் கழிவு என்று ஒன்று கிடையாது. மாட்டுச் சாணி குப்பைக்குழிக்குப் போகிறது. சோளத்தட்டும் கடலைக்கொடியும் மாட்டுக்குப் போகிறது. பாத்திரம் கழுவுகிற தண்ணி வாசலில் நிற்கிற வாழைக்குப் போகிறது. ஒருத்தர் தன் காட்டில் பொறுக்கிய கல்லைத் தூக்கிப் பக்கத்துக் காட்டில் போட்டால் ஊர் சும்மா விடுமா? கூப்பிட்டு வைத்துக் கேட்கும். அபராதம் போடும். போட்டவரையே அந்தக் கல்லைப் பொறுக்கவும் வைக்கும். இதுதான் நம் ஊர் நியாயம்.

இந்த நியாயத்தைத்தான் கம்பெனிகளுக்கும் சொல்லுங்கள், அரசாங்கத்துக்கும் சொல்லுங்கள் என்று கேட்கிறோம். வேறு எதையும் புதுசாகக் கேட்கவில்லை. யாருடைய கழிவோ, அதை அவர்தான் சுமக்கணும். இயற்கையைக் காப்போம், சுற்றுச்சூழலைக் காப்போம் என்று சுவரில் எழுதிப் போடுகிறார்கள். ரொம்ப சந்தோசம். ஆனால் அந்தச் செலவை யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி. இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடிப் போக வேண்டாம். நொய்யல் ஆறு ஒன்றே போதும்.

அணை கட்டினார்கள், தண்ணி வேண்டாம் என்றோம்!

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாக ஓடிக் காவிரியில் சேருகிற ஆறு நொய்யல். வழி நெடுக அணைக்கட்டு, வாய்க்கால், குளம் என்று நம் முன்னோர் கட்டி வைத்த ஆறு. நெல்லும் மஞ்சளும் வாழையும் விளைந்த பூமி இது.

திருப்பூருக்குக் கிழக்கே, சென்னிமலை பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணை 1992ல் பாசனத்துக்குத் திறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான ஏக்கருக்குத் தண்ணி வரும் என்று நம்பினோம். கடன் வாங்கி வரப்பு கட்டினவர்கள் உண்டு, வாய்க்காலைத் தூர் வாரினவர்கள் உண்டு. ஆனால் அணையில் வந்து நின்றது மழைத்தண்ணி மட்டும் அல்ல, சாயத்தண்ணி. மேலே சாயப்பட்டறைகள் விட்டதெல்லாம் அணையில் வந்து தேங்கியது. திறந்துவிட்டால் பயிர் கருகியது. திறக்காமல் விட்டால் நிலத்துக்குள் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பாகின.

உலகத்தில் எங்காவது விவசாயி அணைத் தண்ணியைத் திறக்காதே என்று மனு கொடுத்திருக்கிறானா? நொய்யல் விவசாயி கொடுத்தான். தண்ணி கேட்டுப் போராடுகிற நாட்டில், தண்ணி வேண்டாம் என்று போராட வைத்த பெருமை இந்தச் சாயக்கழிவுக்குத்தான் சேரும்.

நிறம் போச்சு, உப்பு போகலை

இதில் நாம் புரிந்துகொள்ள வேண்டிய ஒரு விசயம் இருக்கிறது. பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டும் என்றால் உப்பு போட்டாக வேண்டும். அடர்ந்த நிறம் என்றால் ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ அளவுக்குக்கூட உப்பு தேவைப்படும். இந்த உப்பு துணிக்குள் போவதில்லை. சாயத்தைத் துணியில் ஏற்றிவிட்டு அப்படியே தண்ணியோடு வெளியே வந்துவிடும். ஒரு கிலோ துணியை அலசி எடுக்க, மெஷினைப் பொறுத்து, ஐம்பது அறுபது லிட்டரில் இருந்து நூறு லிட்டருக்கு மேலும் தண்ணி செலவாகும். தினமும் டன் கணக்கில் துணி சாயம் போடுகிற ஊரில் எத்தனை டன் உப்பு வெளியே வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

நாம் சத்தம் போட்ட பிறகு, 1990களின் கடைசியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பும் ரசாயனமும் போட்டுச் சாயத்தைக் கீழே படிய வைத்தார்கள். சிவப்பாக, நீலமாக ஓடின தண்ணி கொஞ்சம் தெளிஞ்சு ஓடியது. ‘சுத்தம் பண்ணிட்டோம்’ என்றார்கள். கண்ணுக்குத் தெரிந்த நிறம்தான் போயிருந்தது. கண்ணுக்குத் தெரியாத உப்பு அப்படியே ஓடியது. கூடவே மலைமலையாகச் சாயக்கசடு மிச்சம். சேதம் செய்தது நிறம் அல்ல, உப்பு. மண்ணில் உப்பு ஏறினால் வேருக்குப் பக்கத்தில் தண்ணி இருந்தாலும் செடியால் உறிஞ்ச முடியாது. வயலில் ஈரம் இருக்கும், பயிர் வாடி நிற்கும். முதலில் மஞ்சள் போச்சு, வாழை போச்சு, நெல் போச்சு. உப்பைக் கொஞ்சம் தாங்குகிற தென்னை மட்டும் பல இடங்களில் மிஞ்சியது.

அரைகுறையாகச் சுத்தம் செய்துவிட்டு முழுசாகச் செய்ததாகச் சொல்வதும் ஒரு கழிவுதான். அதுவும் நம் தலையில்தான் விழுந்தது.

கோர்ட்டு சொன்னது என்ன?

சட்டம் இல்லாமல் இல்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974லேயே வந்துவிட்டது. ஆறுகளில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதிகமாக மாசு செய்யும் புதுத் தொழிற்சாலை கூடாது என்று தமிழக அரசே 1989ல் ஆணை போட்டது. சட்டம் புத்தகத்தில் இருந்தது, சாயம் ஆற்றில் இருந்தது.

பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று சுப்ரீம் கோர்ட்டு ஒரு பெரிய தீர்ப்பு கொடுத்தது. மாசு செய்தவரே செலவைக் கொடுக்க வேண்டும், பாதிக்கப்பட்டவனுக்கு நஷ்ட ஈடும் கொடுக்க வேண்டும், கெட்டுப்போன மண்ணையும் தண்ணியையும் மீட்கிற செலவையும் ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம் என்று சொல்லிவிட்டது. நம் ஊர்ப் பஞ்சாயத்து நியாயம்தான், சுப்ரீம் கோர்ட்டு வாயால் வந்தது.

அந்தத் தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் நொய்யல் பக்கமும் கணக்கெடுத்தது. 2004 டிசம்பரில் 68 கிராமங்கள், 28,596 விவசாயிகள், 1,46,389 ஏக்கர் என்று பாதிப்பை வரையறுத்து, 24 கோடியே 79 லட்சத்துச் சொச்சம் நஷ்ட ஈடு நிர்ணயித்தது. 2002 ஆகஸ்ட் கடைசி முதல் 2004 டிசம்பர் வரை, 28 மாதத்துக்கான தொகை அது.

கேட்கும்போது பெரிய தொகையாகத் தெரியும். வகுத்துப் பாருங்கள். ஒரு விவசாயிக்குச் சராசரியாக 8,672 ரூபாய். ஏக்கருக்கு 1,694 ரூபாய். மாதத்துக்கு என்று பார்த்தால் ஏக்கருக்கு 60 ரூபாய்! கிணறு போச்சு, மண் போச்சு, மாட்டுக்குத் தண்ணி போச்சு, பெண் கொடுக்கக்கூட யோசிக்கிற ஊராகிப் போச்சு. இத்தனைக்கும் மாசம் அறுபது ரூபாய். அன்றைக்கு ஒரு ஆள் ஒரு நாள் களை எடுக்கிற கூலிக்குக்கூட அது தேறுமா?

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் ஐகோர்ட்டுக்குப் போனார்கள். 2006 டிசம்பர் 22ல் தீர்ப்பு வந்தது. சாயக்கழிவு ஒரு சொட்டுகூட வெளியே வராமல் பார்த்துக் கொள்ள வேண்டும், அதுவரைக்கும் வெளியேற்றுகிற தண்ணிக்கு லிட்டருக்கு 6 பைசா முதல் 10 பைசா வரை அபராதம் கட்ட வேண்டும், அணையைச் சுத்தம் செய்கிற செலவையும் கொடுக்க வேண்டும் என்றது. பட்டறைத் தரப்பு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2009 அக்டோபர் 6ல் அங்கேயும் அதே நியாயம்தான் கிடைத்தது. மூணு மாசம் அவகாசம் மட்டும் கொடுத்தார்கள். அந்தக் கெடுவும் போனது, கழிவு நிற்கவில்லை. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று, திருப்பூரில் இருந்த எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி ஐகோர்ட்டு உத்தரவு போட்டது.

முடியாது என்றார்கள், முடிந்ததே!

பூட்டுப் போடுகிற வரைக்கும் என்ன சொன்னார்கள்? உப்பைப் பிரிக்க முடியாது. செலவு தாங்காது. தொழிலே போய்விடும். ஆர்டர் எல்லாம் பக்கத்து நாட்டுக்குப் போய்விடும்.

பூட்டுப் போட்ட பிறகு என்ன நடந்தது? மாநில அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் அறிவித்தது. சவ்வு வழியாகத் தண்ணியை வடிகட்டிப் பிரிக்கிற இயந்திரம் வந்தது. மிச்சத்தைக் காய்ச்சி உப்பு எடுக்கிற கொதிகலன் வந்தது. இன்றைக்கு அந்தப் பொது நிலையங்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணி திரும்பக் கிடைத்து மறுபடியும் சாயம் போடவே போகிறது. உப்புக் கரைசலும் திரும்பப் பட்டறைக்கே போகிறது. நாட்டுக்கே முன்மாதிரி என்று இப்போது அவர்களே பெருமையாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும், நமக்கும் பெருமைதான். திருப்பூர் ஏற்றுமதி அழிந்து போகவில்லை. வருசத்துக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் வளர்ந்து நிற்கிறது.

இதில் இருந்து நமக்குத் தெரிவது என்ன? முடியாது என்று சொன்னது எல்லாம், செலவு செய்ய மனசில்லை என்பதற்கு இன்னொரு பேர். நம் கிணறு ஓசியாகக் கிடைக்கிற வரைக்கும் எந்தக் கம்பெனியும் கொதிகலன் வாங்காது.

பனியன் வேஸ்டைப் பாருங்கள். வெட்டி விழுகிற துண்டுத் துணியை யாராவது ரோட்டில் கொட்டுகிறார்களா? எடை போட்டு விற்கிறார்கள். அது மில்லுக்குப் போய் மறுபடியும் நூலாகிறது. ஏன்? அதற்கு விலை இருக்கிறது. உப்புத் தண்ணிக்கு விலை இல்லாததால் ஆற்றில் விட்டார்கள். கோர்ட்டு பூட்டுப் போட்டபோதுதான் அதற்கும் ஒரு விலை வந்தது. ஆகவே, கழிவைக் குறைக்க ஒரே வழிதான் இருக்கிறது. கழிவைக் கொட்டுகிற செலவு, அதைச் சுத்தம் செய்கிற செலவைவிட அதிகமாக இருக்கணும். அப்படி ஆக்குவதுதான் அரசாங்கத்தின் வேலை.

நம் பிள்ளைகளும் அங்கேதான் வேலை செய்கிறார்கள்

நாம் தொழிலுக்கு விரோதி என்று சிலர் பேசுகிறார்கள். இதற்கு நேராகவே பதில் சொல்கிறோம். காடு விளையாமல் போனபோது நம் வீட்டுப் பிள்ளைகள் எங்கே போனார்கள்? கம்பெனி பஸ் ஏறித் திருப்பூருக்குத்தான் போனார்கள். 2011ல் பட்டறைகளை மூடியபோது கூலி இல்லாமல் நின்றவர்களில் நம் சொந்தக்காரர்களும் உண்டு. அந்தக் கஷ்டம் நமக்குத் தெரியும்.

தகப்பன் காடு உப்பாகிப் போச்சு, மகன் அதே பட்டறையில் ஷிப்ட் பார்க்கிறான். இதில் தகப்பன் பக்கமா மகன் பக்கமா என்று நம்மைப் பிரிக்கப் பார்க்காதீர்கள். மூடச் சொல்லி நாம் கேட்கவில்லை. ஒழுங்காக நடத்தச் சொல்கிறோம். இருபது வருசத்துக்கு முன்பே ஒழுங்காகச் செய்திருந்தால் 2011ல் யாருக்கும் வேலை போயிருக்காது, நமக்கும் கிணறு போயிருக்காது. தொழிலாளி வயிற்றில் அடித்தது விவசாயி போட்ட வழக்கு அல்ல, முதலாளி தள்ளிப் போட்ட செலவு.

இன்னும் தீரவில்லை

எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. பொது நிலையத்தில் சேராமல், அனுமதியும் இல்லாமல் சந்து பொந்தில் நடக்கிற பட்டறைகள் இன்னும் பிடிபட்டுக் கொண்டே இருக்கின்றன. மழை பெய்கிற ராத்திரி பார்த்து ஓடையில் திறந்துவிடுகிறார்கள். மழைத்தண்ணியோடு போனால் தெரியாது என்கிற எண்ணம். கரண்டைப் பிடுங்கினால் வேறு ஊரில் வேறு பேரில் ஆரம்பிக்கிறார்கள்.

ஒரு தடவை எங்கள் ஊர் ஓடையில் நுரையோடு தண்ணி வந்தது. விடிகாலையிலேயே சம்பந்தப்பட்ட ஆபீசுக்குப் போன் போட்டோம். ‘ஆள் இல்லீங்க, நாளைக்கு வர்றோம்’ என்றார்கள். மறுநாள் மத்தியானம் வந்து பார்த்தபோது ஓடை காய்ந்து கிடந்தது. தண்ணி இல்லாததால் மாதிரி எடுக்கவில்லை, மாதிரி இல்லாததால் நடவடிக்கை இல்லை. மனு முடிக்கப்பட்டது என்று கடிதம் மட்டும் வந்தது. நம் கிணற்றில் உப்பு முடியவில்லை.

அரசாங்கம் செய்கிற கழிவும் உண்டு. கோவை, திருப்பூர் ஆகிய நகரங்களின் சாக்கடையும் நொய்யலில்தான் கலக்கிறது. சாயப்பட்டறைக்கு ஒரு சொட்டு வெளியே வரக்கூடாது என்று சட்டம், நகரத்துச் சாக்கடைக்கு மட்டும் விதிவிலக்கா? நகரத்துக் குப்பையைக் கொண்டுவந்து கிராமத்துப் பாறைக்குழிகளில் கொட்டுகிறார்கள். அதை எதிர்த்து 2025ல் திருப்பூர் சுற்றுவட்டார ஜனங்கள் தெருவுக்கு வந்தது எல்லோருக்கும் தெரியும். பாறைக்குழி என்பது குப்பைத்தொட்டி அல்ல, மழை பெய்தால் ஊருக்குத் தண்ணி ஊறுகிற இடம். வீட்டிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிக்கச் சொல்லிச் சட்டம் போட்டவர்களே கலந்து கொட்டினால் யாரிடம் போய்ச் சொல்வது?

நம்மிடமும் குறை இருக்கிறது. மறைக்கக்கூடாது. பூச்சிமருந்து டப்பாவை வாய்க்காலில் வீசுகிறவர்கள் நம்மிலும் உண்டு. பழைய சொட்டுநீர்க் குழாயை வரப்பில் போட்டுக் கொளுத்துகிறவர்கள் உண்டு. நாம் விரல் நீட்டும்போது நம் கை சுத்தமாக இருக்க வேண்டாமா?

எங்கள் கோரிக்கைகள்

1. ஆலையும் பட்டறையும் உள்ளே எடுக்கிற தண்ணி எவ்வளவு, திரும்ப எடுத்தது எவ்வளவு, உப்பு எவ்வளவு, கசடு எவ்வளவு என்கிற கணக்கை மாதாமாதம் சம்பந்தப்பட்ட ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் ஒட்டணும். கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று சொன்னால் போதாது.

2. சேர்ந்து கிடக்கிற கசடையும் கலப்பு உப்பையும் எடுத்து, சிமெண்ட் ஆலை போல பயன்படுத்துகிற இடத்துக்குக் கெடு வைத்து அனுப்பணும். மழையில் நனைய வைத்துவிட்டு மூடி வைத்திருக்கிறோம் என்று சொல்லக்கூடாது.

3. குறைந்த தண்ணியில் சாயம் போடுகிற மெஷினுக்கு மாறச் சின்னப் பட்டறைகளுக்கு அரசு கடன் கொடுக்கட்டும். கடன் வாங்கியும் ஓடையில் விட்டால் கடனைத் திரும்ப வாங்கி, பூட்டுப் போடணும்.

4. வெளிநாட்டுக்கு விற்கிற கம்பெனிகள் சுத்திகரிப்புச் செலவைத் துணி விலையில் சேர்த்துக் கேட்கட்டும். கடல் கடந்து சட்டை போடுகிறவர் கொடுக்க வேண்டிய காசை நம் கிணறு கொடுக்க முடியாது.

5. ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மாதிரி எடுக்க ஆள் வேணும். ஊர்க்காரர் இரண்டு பேர் முன்னால் மாதிரி எடுத்து, அந்த முடிவின் நகலை ஊராட்சிக்கும் கொடுக்கணும்.

6. நகரத்துச் சாக்கடை முழுவதையும் சுத்திகரித்த பிறகே ஆற்றில் விடணும். பாறைக்குழியில் குப்பை கொட்டுவதை அடியோடு நிறுத்தணும்.

7. நஷ்ட ஈட்டை அரசு முதலில் விவசாயிக்குக் கொடுத்துவிட்டு, பிறகு மாசு செய்தவரிடம் வசூல் செய்துகொள்ளட்டும். பாலாற்று வழக்கில் 2025 ஜனவரி 30 அன்று சுப்ரீம் கோர்ட்டு இப்படித்தான் சொன்னது. பாலாற்றுக்கு ஒரு நியாயம், நொய்யலுக்கு ஒரு நியாயம் கிடையாது. தொகையும் மாசம் அறுபது ரூபாய்க் கணக்கில் இருக்கக்கூடாது. இழந்த விளைச்சலுக்கும், மண்ணை மீட்கிற செலவுக்கும் சேர்த்து இருக்கணும்.

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கை வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் ஒன்றும் நடக்காது. நொய்யல் விவசாயி ஜெயித்தது கையில் கணக்கு வைத்திருந்ததால்தான்.

முதலில், உங்கள் கிணற்றுத் தண்ணியைச் சோதியுங்கள். வேளாண்மைத் துறை மண் பரிசோதனை நிலையத்தில் சொற்பக் கட்டணத்தில் பார்த்துக் கொடுப்பார்கள். சீட்டில் இ.சி. என்று ஒரு எண் இருக்கும். அதுதான் உப்பின் அளவு. அந்த எண் மூணுக்கு மேலே போனால் பெரும்பாலான பயிருக்கு ஆபத்து என்று வைத்துக் கொள்ளுங்கள். வருசம் இரண்டு தடவை, கோடையில் ஒன்று, மழை முடிந்து ஒன்று, எடுத்துச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பத்து விவசாயி சீட்டு ஒன்று சேர்ந்தால் அது சாட்சி.

அடுத்து, ஓடையில் கழிவு வந்தால் தேதி, நேரம் எழுதுங்கள். செல்போனில் படம் எடுங்கள். கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று வருசத்தில் பல தடவை கிராமசபை கூடுகிறது. கூட்டம் சேர்த்துக்கொண்டு போய், தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுத வைத்து, படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். கலெக்டர் ஆபீசில் மாதாமாதம் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதே மனுவைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாயில் தகவல் உரிமை மனு இருக்கிறது. அதற்கும் மேலே சென்னையில் பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. நஷ்ட ஈடு கேட்பதாக இருந்தால் பாதிப்பு தொடங்கி ஐந்து வருசத்துக்குள் போக வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டவர்கள் பலர் ஏமாந்தார்கள்.

கடைசியாக, மருந்து டப்பாவை இன்றோடு வாய்க்காலில் போடுவதை நிறுத்துவோம். இதைச் சங்கமே முன்னின்று செய்யும்.

பெரியோர்களே, நம் பாட்டன் காலத்தில் நொய்யல் தண்ணியைக் கையில் அள்ளிக் குடித்தார்கள். இதைக் கதையாகச் சொல்ல நாம் இருக்கிறோம். நமக்குப் பிறகு சொல்ல ஆள் இருக்கணுமா, இல்லை குடிக்கத் தண்ணியே இருக்கணுமா? முடிவு நம் கையில் இருக்கிறது.

உங்கள் ஊர்ச் சங்கக் கூட்டத்துக்கு வரும்போது வெறுங்கையோடு வராதீர்கள். ஒவ்வொருவரும் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணி கொண்டு வாருங்கள். பேர், ஊர், சர்வே நம்பர் எழுதி ஒட்டிக் கொண்டு வாருங்கள். ஊர் ஊராகச் சேர்த்து அந்தப் பாட்டில்களோடு கலெக்டர் ஆபீசுக்குப் போவோம். மேசைமேல் வைப்போம். ‘அய்யா, இதுல ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க’ என்று மரியாதையாகவே கேட்போம்.

கழிவு யாருடையதோ, செலவும் அவருடையதே!
தொழிலும் வாழட்டும், உழவும் வாழட்டும்!
ஒன்று சேர்வோம், ஆற்றை மீட்போம்!